திட்டமிட்ட பாதை மாறும்போது: சென்னையிலிருந்து கிளம்புவோருக்கான கேள்வி பதில்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குக் கிளம்பி, வண்டலூர் தாண்டவே ராத்திரி பத்து மணி ஆகிவிடுவது சென்னைவாசிகளுக்குப் புதிதல்ல. மெட்ரோ பணிக்காக மூடிய சாலை, மழையில் நிரம்பிய சுரங்கப்பாதை, வராத ரயில் என்று ஏதாவது ஒன்று திட்டத்தைக் கலைத்துவிடும். கலைந்த பிறகு பணமும் பொழுதும் வீணாகாமல் எப்படிச் சமாளிப்பது, முடிந்தால் அந்தச் சுற்றுவழியை எப்படி ரசிப்பது என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. படிப்பும் வேலையும் பாதை மாறுவது பற்றியும் இரண்டு கேள்விகள் உண்டு.

தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலை முழுக்க நின்றுவிட்டது. எங்கே திரும்பினால் தப்பிக்கலாம்?

நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்திலிருந்து வருபவர்கள் தாம்பரத்துக்குள் நுழையவே வேண்டாம். மீஞ்சூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் நேராக வண்டலூரில் வந்து சேரலாம். அடையாறு, திருவான்மியூர், வேளச்சேரிக்காரர்கள் வீட்டிலிருந்தே கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) பக்கம் போய்விடுவது நல்லது. மாமல்லபுரம், கல்பாக்கம் வழியாக மரக்காணம் போய் வலப்பக்கம் திரும்பினால், சுமார் 35 கிலோமீட்டரில் திண்டிவனம். தூரம் கூடுதல்தான், உத்தண்டியில் சுங்கமும் உண்டு. ஆனால் பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடி வரிசைகளில் நிற்க வேண்டாம், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

வண்டலூரிலேயே மாட்டிக்கொண்டால் இடப்பக்கம் கேளம்பாக்கம் சாலை இருக்கிறது. கண்டிகை, மாம்பாக்கம் தாண்டி கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம், பிறகு ஈ.சி.ஆர். இதில் ஒரு சிக்கல். ஜி.எஸ்.டி. நின்றவுடன் எல்லாருடைய போனும் இதே சாலையைத்தான் காட்டும். அரை மணி நேரத்தில் மாம்பாக்கம் கடைவீதியும் நின்றுவிடும். ஆகவே திரும்புவதென்றால் முதல் பத்து நிமிடத்தில் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் இருக்கும் வரிசையிலேயே இருந்துவிடலாம். செங்கல்பட்டு வரை வந்துவிட்டவர்களுக்கு இடப்பக்கம் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலை கைகொடுக்கும்.

சிங்கப்பெருமாள் கோவிலில் வலப்பக்கம் திரும்பி ஒரகடம், வாலாஜாபாத், உத்திரமேரூர், வந்தவாசி வழியாகவும் திண்டிவனம் சேரலாம். பகலில் அருமையான வழி. இரவில் வேண்டாம். நடுத்தடுப்பு இல்லாத சாலை, பின்விளக்கு இல்லாத டிராக்டர்கள், எதிரே ஹைபீம் போட்டு வரும் லாரிகள்.

நெரிசலுக்குக் காரணம் என்ன என்பதையும் பாருங்கள். விபத்தால் நின்ற வரிசை வண்டிகளை ஓரங்கட்டியதும் கலையத் தொடங்கும். பண்டிகைக் கூட்டத்தால் நின்றது விடியும்வரை கலையாது. முதலாவதற்குப் பொறுத்திருக்கலாம், இரண்டாவதற்குத் திரும்பிவிட வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி பழுதானாலும் விபத்தானாலும் 1033க்கு அழைக்கலாம்.

மேப் காட்டும் குறுக்குவழியை நம்பலாமா?

ஐந்து நிமிடம் மிச்சம் என்று காட்டும் குறுக்குவழியை நம்பாதீர்கள். அரை மணி மிச்சம் என்றால் யோசிக்கலாம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் மேப்பில் சாலை என்று தெரியும் பல கோடுகள் உண்மையில் ஏரிக்கரைகள். ஒரு வண்டி மட்டும் போகும் அகலம், எதிரே டிராக்டர் வந்தால் அரை கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். சாட்டிலைட் பார்வைக்கு மாற்றி, சாலையில் நடுக்கோடு தெரிகிறதா, ஓரத்தில் வீடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அரசு டவுன் பஸ் போகும் வழியென்றால் கார் நிச்சயம் போகும்.

திருவிழாவெல்லாம் மேப்புக்குத் தெரியாது. பங்குனியில் அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூர் மாடவீதிகளுக்குள் வண்டியை விட்டால் வெளியே வருவது சாயங்காலம்தான். கிராமச் சாலைகளில் சிக்னல் போய்விடும் என்பதால், கிளம்பும் முன்பே அந்த மாவட்டத்தின் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

மழை நாளில் சுரங்கப்பாதை மூடிவிட்டார்கள். சுற்றிப் போக வேண்டுமா, தண்ணீரில் இறங்கலாமா?

சுற்றித்தான் போக வேண்டும். துரைசாமி, அரங்கநாதன், கணேசபுரம், தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதைகள் பெருமழையில் நிரம்புவது வழக்கம். மேற்கு மாம்பலத்திலிருந்து தி.நகர் போக வேண்டுமென்றால் கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறிப் போங்கள். தண்டவாளத்துக்குக் கீழே போகும் எந்த வழியும் மழைக்கால வழியல்ல.

சமதளச் சாலையில் தேங்கிய நீருக்கு ஒரு அளவு இருக்கிறது. முன்னால் போகும் காரின் சக்கரத்தைப் பாருங்கள். தண்ணீர் சக்கரத்தின் நடு அச்சுக்குக் கீழே இருந்தால், முதல் கியரில், ஆக்சிலேட்டரை விடாமல், ஒரே சீரான வேகத்தில், சாலையின் நடுவில் போகலாம். ஓரத்தில் மழைநீர் வடிகால் மூடி திறந்திருக்கலாம். பஸ் எதிரே வந்தால் அது கடக்கும்வரை நின்றுவிடுங்கள். அது கிளப்பும் அலை பானெட்டுக்கு மேலேயே வரும். கடந்த பிறகு பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக மிதித்துக் காயவையுங்கள்.

நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருகாதீர்கள். மழைக்காலத்தில் பெரிய செலவு வைப்பது இந்த ஒரு தவறுதான். காற்று போகும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைச் சாதாரண இன்ஷூரன்ஸ் பொதுவாக ஏற்காது, இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். வண்டியைத் தள்ளி மேட்டில் நிறுத்தி, டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு முன்பு வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தியவர்களைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். புயல் போன பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ரயில் மூன்று மணி நேரம் தாமதம், அல்லது வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும், நேரத்தோடு கேட்டால். நீங்கள் ஏறும் நிலையத்தில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் கேட்கலாம். தத்கால் டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். ஆன்லைன் டிக்கெட் என்றால் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் பணம் திரும்பக் கேட்கும் ‘டி.டி.ஆர்.’ பகுதிக்குப் போய், டிக்கெட்டைத் தேர்ந்து, தாமதம் என்ற காரணத்தைக் குறித்து அனுப்ப வேண்டும். அந்த ரயில் உண்மையில் உங்கள் நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே இதைச் செய்ய வேண்டும். ரயில் போன பிறகு வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து போடுபவர்களுக்குத்தான் பணம் வராது. டிக்கெட்டைச் சாதாரணமாக ‘கேன்சல்’ செய்துவிடாதீர்கள், அதில் பிடித்தம் போகும். ரயிலே ரத்தானால் ஆன்லைன் டிக்கெட்டுக்குப் பணம் தானாக வந்துவிடும். கவுண்டரில் எடுத்தது என்றால் கவுண்டருக்குத்தான் போக வேண்டும்.

திருப்பிவிட்ட ரயிலில் போக விருப்பமில்லை என்றாலும், அந்த வழியில் உங்கள் ஊரே வராது என்றாலும் டி.டி.ஆர். போடலாம். இதற்கான அவகாசம் கூடுதல் என்றாலும் அன்றே போட்டுவிடுவது நல்லது.

இரண்டு ரயில் மாறிப் போகிறவர்கள் இரண்டு பி.என்.ஆரையும் ஐ.ஆர்.சி.டி.சி.யில் முன்பே இணைத்துவைக்க வேண்டும். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதை விட்டால் அப்போதுதான் பிடித்தமில்லாமல் பணம் வரும். எழும்பூர் போக நேரமில்லை, தாம்பரத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று தோன்றினால் பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாராகும் முன்பே ஏறும் நிலையத்தை மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு எழும்பூரில் ஏற உரிமை இல்லை, மனம் மாறாதீர்கள். நிலவரம் கேட்க 139.

சென்னையில் இறங்க வேண்டிய விமானம் பெங்களூரில் இறங்கிவிட்டது. அங்கேயே இறங்கிப் பஸ் பிடிக்கலாமா?

பெரும்பாலும் வேண்டாம். கனமழையிலும் போகிப் புகையிலும் இப்படி நடக்கும். எரிபொருள் நிரப்பி, ஓடுபாதை தெளிந்ததும் திரும்பிவிடும். நீங்களாக இறங்கினால் மிச்சப் பயணத்துக்கான உரிமை போகும், செக்-இன் செய்த பெட்டியை எடுப்பதும் பாடுதான். விமானிகளின் பணிநேரம் முடிந்துவிட்டது என்று சொன்னால் மட்டும் கணக்கு மாறும். வேறு குழு வரவேண்டும், பல மணி நேரம் ஆகலாம். அப்போது எழுத்து மூலமாக உறுதி வாங்கிக்கொண்டு முடிவெடுங்கள்.

புறப்பாடே ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கும் உரிமை விமானப் போக்குவரத்து இயக்குநரக விதிகளில் உள்ளது. வானிலையால் ரத்தானால் பணம் திரும்பும், இழப்பீடு வராது.

கிளாம்பாக்கத்தில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன்.

உங்கள் ஊர்ப் பெயர் எழுதிய பஸ்ஸைத் தேடி நிற்காதீர்கள். திருச்சிக்கும் விழுப்புரத்துக்கும் இரவு முழுக்க வண்டி உண்டு. கும்பகோணம், திருவண்ணாமலை, கடலூர்க்காரர்கள் விழுப்புரத்திலும், டெல்டாவின் தெற்கும் அதற்கு அப்பாலும் போகிறவர்கள் திருச்சியிலும் மாறிக்கொள்ளலாம். நடுராத்திரி விழுப்புரத்தில் நிற்பது கிளாம்பாக்கத்தில் நிற்பதைவிட நல்லதுதான், பாதி தூரம் குறைந்திருக்கும்.

சரி, சுற்றுவழிதான் என்றாகிவிட்டது. இரண்டு மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது. பார்க்க என்ன உண்டு?

இதற்காகவே சிலர் நெரிசலுக்கு நன்றி சொல்லலாம். ஜி.எஸ்.டி.யில் படாளம் கூட்டுச்சாலையில் வலப்பக்கம் திரும்பினால் வேடந்தாங்கல். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். இரை தேடப் போன பறவைகள் கூடு திரும்பும் சாயங்கால நேரத்தில் போங்கள், நடுமதியம் போனால் வெயில்தான் மிச்சம். மழை பொய்த்த வருடத்தில் ஏரியில் தண்ணீர் இருக்காது, பறவையும் இருக்காது. போகும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது உத்தமம்.

வாலாஜாபாத் வழியாகச் சுற்றுகிறவர்கள் உத்திரமேரூரில் கட்டாயம் இறங்க வேண்டும். ஊருக்குள்ளேயே வைகுண்டப் பெருமாள் கோவில். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச்சபைக்குக் குடவோலை முறையில் ஆள் எடுக்கும் விதிகளைச் சுவரிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். போட்டியிடுபவருக்கு வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். வரி கட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். சபைப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. எழுத்துகள் நெருக்கமாக, வரி வரியாக ஓடும். காலைச் சாய்வெயிலில் பள்ளங்களில் நிழல் விழுந்து நன்றாகத் தெரியும், உச்சிவெயிலில் கல் வெறுமையாகத் தெரியும். அரை மணி நேரம் போதும்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் பக்கத்தில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோவில் எடுத்ததாக மகேந்திரவர்ம பல்லவன் கல்லில் பொறித்துவைத்த குடைவரை. ஈ.சி.ஆரில் கல்பாக்கம் அருகே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை, கடப்பாக்கம் அருகே இடிந்த ஆலம்பறைக் கோட்டை. இரண்டுக்கும் தலா ஒரு மணி நேரம்.

சுற்றுவழி வீணாவது பெரும்பாலும் விடுமுறை நாள் தெரியாததால்தான். வண்டலூர் உயிரியல் பூங்காவும் தட்சிணசித்ராவும் செவ்வாய் விடுமுறை, வடநெம்மேலி முதலைப் பண்ணை திங்கள் விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளி விடுமுறை. கோவில்கள் பகல் 12க்கு நடை சாத்தினால் பெரும்பாலும் 4 மணிக்குத்தான் திறக்கும்.

எவ்வளவு நேரமும் பணமும் கூடுதலாக வைத்துக்கொண்டால் பதற்றமில்லாமல் இருக்கலாம்?

எங்கள் அனுபவத்தில் சுற்றுவழி இனிப்பதும் கசப்பதும் ஒரே விஷயத்தைப் பொறுத்தது: மறுமுனையில் நகர்த்த முடியாத வேலை ஏதாவது இருக்கிறதா என்பது. முகூர்த்தம், நேர்முகத் தேர்வு, ஆஸ்பத்திரி, விமானம் என்றால் முந்தின நாளே போய்விடுங்கள், வழியில் எதையும் ரசிக்க வேண்டாம். அப்படி எதுவும் இல்லாத பயணத்தில் மேப் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். பண்டிகை வாரத்தில் அது இரட்டிப்பாகும்.

பணம்: யு.பி.ஐ. இருந்தாலும் சிக்னல் இல்லாத ஊருக்காக 2,000 ரூபாய் ரொக்கமாக, அதிலும் பாதி நூறும் ஐம்பதுமாக. ஃபாஸ்டேக்கில் சுற்றுவழிச் சுங்கத்துக்கும் சேர்த்து இருப்பு வேண்டும். இருப்பு இல்லாவிட்டால் கூடுதல் கட்டணம். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கினால் நெடுஞ்சாலையை விட்டு விலகும் முன் நிரப்பிவிடுங்கள். வயதானவர்கள் கூட வந்தால் ஒருநாள் மாத்திரையும் பிஸ்கட்டும் டிக்கியில் அல்ல, கைப்பையில். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவருக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது, எந்தக் கோட்டையும் அதற்காகக் காத்திருக்கும்.

கூட வருபவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால்?

கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்: ‘ஒரு மணி நேரம் கூடும், எட்டு மணிக்கு வீடு, வழியில் சாப்பாடு.’ ஒருவர் வேண்டாமென்றாலும் விட்டுவிடுங்கள். பின்சீட்டில் முகம் தூக்கி உட்கார்ந்திருப்பவரை வைத்துக்கொண்டு எந்தக் கல்வெட்டையும் படிக்க முடியாது.

வாடகைக் காரில் போகிறோம். வழி மாற்றினால் டிரைவர் கூடுதலாகக் கேட்பாரா?

கேட்பார், கேட்பதும் நியாயம்தான். ஒருவழி டிராப் என்று பேசியிருந்தால் சுற்றும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காத்திருப்புக்கும் தனிக் கட்டணம். போய்வரும் வண்டிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்ச கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், பல இடங்களில் 250. அதற்குள் அடங்கினால் சுற்றுவழிக்குக் கிலோமீட்டர் கட்டணம் கூடாது. இரவு தாண்டினால் பேட்டா கூடும். புதுச்சேரிக்குள்ளோ ஆந்திராவுக்குள்ளோ நுழைந்தால் பெர்மிட். திரும்புவதற்கு முன் வண்டியை ஓரங்கட்டி, மீட்டரைப் படம் எடுத்து, தொகையை வாட்ஸாப்பில் எழுதிவிட்டால் இறங்கும்போது வாக்குவாதம் வராது.

பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டது. ஒரு வருடம் வீணா?

இல்லை. பொதுத்தேர்வு முடிவு வந்த சில வாரங்களில் துணைத்தேர்வு நடக்கும். விண்ணப்பத்துக்குச் சில நாட்கள்தான் அவகாசம், முடிவு வந்த அன்றே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். அழுதுகொண்டு ஒரு வாரம் வீட்டில் இருப்பதில் தேதி போய்விடுகிறது. துணைத்தேர்வில் தேறினால் அதே வருடமே கலைக்கல்லூரியில் மிச்சமிருக்கும் இடங்களுக்கு முயலலாம்.

பொறியியல்தான் வேண்டும், கட்-ஆஃப் இல்லை என்பவர்களுக்கு உறுதியான சுற்றுவழி பாலிடெக்னிக். தகுந்த பாடங்களோடு பிளஸ் டூ தேறியவர்கள் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரத் தனிக் கலந்தாய்வு உண்டு. ஒரு வருடம் கூடும், பதிலுக்குப் பட்டறை வேலை கையில் இருக்கும். நன்கொடை கொடுத்து வாங்கும் இடத்தைவிட இது மேல் என்பது எங்கள் கருத்து.

வேலை திடீரென்று போய்விட்டது. முதலில் எதைக் கவனிப்பது?

மருத்துவக் காப்பீட்டை. கம்பெனி கொடுத்த குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பித்தால், ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வர வாய்ப்புண்டு. அடுத்து அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வரிப் பிடித்தச் சான்றிதழ். ஆபீஸ் மெயில் முடக்கப்படும் முன் இவற்றைச் சொந்த மெயிலுக்கு வாங்கிவிடுங்கள். பி.எஃப். பணத்தை உடனே எடுக்காதீர்கள். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் மாறாது, அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் வரியும் வரும்.

வாடகை, இ.எம்.ஐ., பள்ளிக் கட்டணம் மூன்றையும் கூட்டி, கையிருப்பை அதால் வகுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வந்தால் நிதானமாகத் துறை மாறலாம், இரண்டு மாதம்தான் என்றால் கிடைத்த வேலையில் சேர்ந்துகொண்டு தேடுங்கள். லட்சக்கணக்கில் கட்டினால் வேலை உறுதி என்று சொல்லும் பயிற்சி மையம் மட்டும் போகக்கூடாத வழி.

கடைசியாக ஒன்று. வழி கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

கேட்கும் விதத்தில் இருக்கிறது. ‘இந்த ரோடு திண்டிவனம் போகுமா?’ என்றால் யாரும் போகும் என்றுதான் சொல்வார்கள், எல்லா ரோடும் எப்படியோ போகும். ‘திண்டிவனத்துக்கு எப்படிப் போகணும்ண்ணே?’ என்று கேட்டுவிட்டு, அவரே சொல்லட்டும் என்று நில்லுங்கள். நடந்துபோகிறவரைவிட ஆட்டோ ஸ்டாண்டும் டீக்கடையும் நல்லது, எல்லாரையும்விட நின்றிருக்கும் பஸ்ஸின் கண்டக்டர் நல்லது. அடுத்து, ‘இந்நேரத்துக்கு கார் போற மாதிரி இருக்குமா, பாலத்துல தண்ணி ஏதும் போகுதா?’ கிலோமீட்டர் கேட்காதீர்கள், அடுத்து வரும் ஊரின் பெயரைக் கேளுங்கள். அந்த ஊர் வந்ததும் அங்கே மறுபடி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.